ஊறல் பாட்டும் பதினோராவது நாற்காலியும்

கேட்டியா என்ற பெயர் முதன்முதலில் என் மாமனார் வாயிலிருந்துதான் என் காதில் விழுந்தது. என் நாத்தனாருக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். மாமனாரின் ஒன்றுவிட்ட தங்கையுடைய சம்பந்தி ஒருவர் தையல் கடை வைத்திருந்தார். அவர் சொல்லித்தான் பையனை விசாரிக்கப் போனார் மாமனார். போனவர் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றபடியே சொன்னார்.

"பையன் தங்கமான பையன். வாஷிங் மெஷின் ரிப்பேர் பண்றான். கை சுத்தம், வாய் சுத்தம். ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். பாட்டு கேக்குறான்."

"பாட்டு கேக்குறது ஒரு கெட்ட பழக்கமா?" என்றார் மாமியார்.

"அவன் கேட்டா பரவாயில்லையே, நம்மளையும்ல கேக்க வெக்கிறான்! அஞ்சு நிமிஷம் விசாரிக்கப் போனேன், முக்கால் மணி நேரம் வயலின் கேட்டுட்டு வரேன். பேச்சே கிடையாது, பாட்டுன்னு ஒரு வரி இல்ல, வெறும் வாசிப்பு. நடுநடுவுல விரலைத் தூக்கி 'கேட்டீங்களா, கேட்டீங்களா'ங்கிறான். எனக்குத்தான் இந்த மரியாதை. தெருவுல எல்லாரையும் 'கேட்டியா'ன்னுதான் கேப்பானாம். அதுவே அவனுக்குப் பேரா போச்சு."

அறைக்குள்ளிருந்து என் நாத்தனார் குரல் கொடுத்தாள். "எங்கப்பாவை முக்கால் மணி நேரம் பேசாம உக்கார வெச்ச ஆளா? எனக்குச் சம்மதம்."

அப்படித்தான் கேட்டியா எங்கள் குடும்பத்துக்குள் வந்தார். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன்.

அந்தப் பழக்கம் அவரை எப்படிப் பிடித்தது என்பதைக் கல்யாணமான பிறகுதான் தெரிந்துகொண்டேன். வாஷிங் மெஷின் ரிப்பேரில் ஒரு முறை உண்டு. கோளாறைச் சரி செய்தவுடன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. நாலு பழந்துணியைப் போட்டு ஒரு சுற்று முழுக்க ஓட விட்டுப் பார்க்க வேண்டும். அது முக்கால் மணி நேரம் ஓடும். மற்ற மெக்கானிக்குகள் அந்த நேரத்தில் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். இவர் போகமாட்டார். மெஷின் பக்கத்திலேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார், பிரசவ அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் புருஷன் மாதிரி.

கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்பு ஒரு பியானோ டீச்சர் வீட்டில் அப்படி உட்கார்ந்திருந்திருக்கிறார். டீச்சர் ஒற்றை ஆள். மூன்றாம் மாடியில் இரண்டே அறை. மெஷின் இரைச்சல் பொறுக்காமல் டீச்சர் ஒரு இசைத்தட்டைப் போட்டுவிட்டார். ஒரு வயலினும் அதற்குப் பின்னால் நாற்பது பேரும் வாசிக்கிற கிளாசிக்கல் இசை. இவர் அதுவரை கல்யாண வீட்டு ஒலிபெருக்கியைத் தவிர வேறு எதையும் காது கொடுத்துக் கேட்டவர் இல்லை. மெஷின் துவைக்கத் தொடங்கியபோது வயலினும் வேகமாகப் போனது. மெஷின் நின்று துணி ஊறியபோது வயலினும் மெதுவானது. மெஷின் அலசியபோது நாற்பது பேரும் சேர்ந்து அலசினார்கள். கடைசித் தண்ணீர் வெளியே போகத் தொடங்கியபோது இசைத்தட்டும் முடிந்தது.

"அக்கா, சத்தியமா சொல்றேன், எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுடுச்சு" என்று இதை என்னிடம் பதினைந்து தடவையாவது சொல்லியிருப்பார்.

அந்த இசையின் பெயரை டீச்சர் மூன்று முறை சொல்லிக் கொடுத்தார். அது அரை ரயில் நீளம். இவர் நாக்கில் நிற்கவில்லை. அதனால் இவராகவே பெயர் வைத்துக்கொண்டார். முதல் பகுதி துவைப்பு, நடுப்பகுதி ஊறல், கடைசி அலசல். அடுத்த வருஷம் மெஷினைப் பராமரிக்கப் போனபோது ஒரு கேசட் ரெக்கார்டரைக் கையோடு கொண்டுபோய், டீச்சரின் ஸ்பீக்கருக்கு எதிரே முக்காலியில் வைத்து முழுசாகப் பதிவு செய்துகொண்டார். அந்த ஒரு கேசட்டிலிருந்து எத்தனை கேசட் குட்டி போட்டது என்று கணக்கே கிடையாது.

புது வீடு போனவர்களுக்கு ஊறல் பாட்டு. ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களுக்கு ஊறல் பாட்டு. என் மூத்த மகனுக்குப் பிறந்த நாள் பரிசு என்று வண்ணத்தாள் சுற்றி ஒரு பெட்டி கொடுத்தார். பொம்மைக் கார் என்று பிரித்த பிள்ளை அரை மணி நேரம் அழுதான். எங்கள் வீட்டில் மட்டும் நாலு கேசட் சேர்ந்துவிட்டது. போகிற வீடுகளிலோ, மெஷின் ஓடும்போதே டேப்பைப் போட்டுவிடுவார். வீட்டுக்காரர்கள் தப்பிக்க முடியாது. மெஷின் சரியாகிவிட்டதா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமே. ஒரு வக்கீல் வீட்டில், மெஷினிலிருந்து தண்ணீர் ஒழுகிக் கீழ்வீட்டுக் கூரை நனைந்தும், "ஒண்ணுமில்ல, நல்லா ஓடுது" என்று இவரை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். அதே தெருவில் ஒரு ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் மாசத்துக்கு ஒரு தடவை தானே குழாயைத் தளர்த்தி விட்டுவிட்டு இவரைக் கூப்பிடுவார்.

ஊறல் பகுதியின் நடுவில் ஓர் இடம் உண்டு. வயலின் ஒரே சுரத்தில் இழுத்துக்கொண்டே நிற்கும். அதற்குக் கீழே, ரொம்பத் தூரத்திலிருந்து, ஒரு முரசு மெல்ல உருளும். மழைக்கு முன்னால் வானம் தொண்டையைக் கனைக்கிற மாதிரி. அந்த இடம் வருவதற்கு ஒரு நிமிஷம் முன்பே கேட்டியாவின் விரல் மேலே போய்விடும்.

"வருது... இப்ப வருது... இருங்க... கேட்டீங்களா?"

அவர் "கேட்டீங்களா" என்று சொல்கிற சத்தத்தில்தான் முரசு யாருக்கும் கேட்டதே இல்லை. நானும் "ஆமா தம்பி, கேட்டேன்" என்று தலையாட்டி வைத்தேன்.

ஊரில் ஒரு பல் டாக்டர் இருந்தார். எங்களுக்கும் தூரத்து உறவுதான். எங்கள் பெரிய அண்ணியின் தம்பி கட்டிய பெண்ணுக்குத் தாய்மாமன். ஆனால் உறவு சொல்லிக்கொண்டு போனால் பல்லை மட்டும்தான் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். அவருடைய மருத்துவமனை மாடியில் சனிக்கிழமைதோறும் மூன்று மணிக்கு ஒரு கூட்டம் நடக்கும். பதினோரு நாற்காலி, பதினோரு ஆள். வாரம் ஒருவர் தனக்குப் பிடித்த கிளாசிக்கல் பதிவைக் கொண்டுவந்து போடவேண்டும், மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்கவேண்டும், பிறகு டாக்டர் அதைப்பற்றிப் பேசவேண்டும். யாராவது செத்தாலோ ஊரை விட்டுப் போனாலோதான் நாற்காலி காலியாகும். காலியானதற்கு ஆள் எடுக்க ஒரு பரீட்சை உண்டு. வருகிறவர் ஒரு பதிவைப் போட்டுக் காட்ட வேண்டும். பத்துப் பேரும் கை தூக்கினால் நாற்காலி.

கேட்டியாவுக்கு அந்த நாற்காலிமேல் உயிர். இரண்டு தடவை பரீட்சைக்குப் போய்த் தோற்றிருந்தார். இரண்டு தடவையும் ஒரே காரணம், நடுவில் பேசிவிட்டார். மூன்றாம் தடவை தோற்றால் அப்புறம் வரவே கூடாது என்பது டாக்டரின் சட்டம். நம் போஸ்ட்மாஸ்டர் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அவர்தான் ஓடிவந்து சொன்னார், ஒரு நாற்காலி காலியாகிறது, அதில் இருந்தவர் மகள் வீட்டோடு போகிறார் என்று.

இவரைவிட என் நாத்தனாருக்குத்தான் அதிக ஆசை. "அண்ணி, அவரை அந்த நாற்காலியில உக்கார வெச்சுட்டேன்னு வைங்க, சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம் என் வீட்ல என் சத்தம் எனக்குக் கேக்கும். ஆறு வருஷமாச்சு அதைக் கேட்டு."

அந்த வாரம் முழுக்க அவருக்குப் பயிற்சி கொடுத்தாள். டேப்பைப் போட்டுவிட்டு எதிரே ஒரு கரண்டியோடு உட்கார்ந்துகொள்வாள். ஊறல் நடுவில் விரல் எழுந்தால் விரலில் ஒரு அடி, வாய் திறந்தால் முட்டியில் ஒரு அடி. வெள்ளிக்கிழமை ஒரு அடிகூட வாங்காமல் முடித்துவிட்டார். உள்ளங்கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டார், அதுதான் வழி.

சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் துணைக்குப் போனோம். மாடி அறையின் சுவரோரம், பல் பிடுங்க வருகிறவர்களுக்குப் போட்டிருந்த பழைய பெஞ்சில் எங்களை உட்கார வைத்தார்கள். டாக்டருடைய ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் துணி பீரோ உயரம். எங்கள் வீட்டு டேப்பில் ஈ மாதிரி பாடினது அதில் யானை மாதிரி வந்தது. துவைப்புப் பகுதி முடிவதற்குள் எனக்கே பிடித்துப்போய்விட்டது.

ஊறல் தொடங்கியது. கேட்டியா கைமேல் உட்கார்ந்திருந்தார். வயலின் இழுத்து நின்றது. பிறகு தரைக்கு அடியிலிருந்து வந்தது அந்தச் சத்தம். கொர்ர்ர்... டக். கொர்ர்ர்... டக். பெஞ்சு அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பத்துப் பேரில் மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கேட்டியாவின் முகத்தைப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. 

"வாயைத் திறந்தீங்க, கொன்னுடுவேன்" என்று இங்கிருந்தே உதட்டை மட்டும் அசைத்தாள் என் நாத்தனார். அவர் திறக்கவில்லை. அலசல் முடிந்தது. கடைசியில் ஹோவென்று கைதட்டல் எழுந்து மெல்ல அடங்கியது.

டாக்டர் மெல்ல எழுந்தார்.

"நாப்பது வருஷமா நான் கேக்குறேன். இந்த இசையைப் பத்துப் பேர் வாசிச்ச பதிவைக் கேட்டிருக்கேன். இப்படி ஒரு முரசை எவனும் வாசிச்சதில்ல. மத்தவங்க அடிப்பாங்க. இவன் உருட்டுறான். ஒவ்வொரு உருட்டலுக்கும் கடைசியில ஒரு தட்டு, கவனிச்சீங்களா? அது பயிற்சியில வராது, பரம்பரையில வரணும். அப்புறம் அந்தக் கைதட்டல். குறைஞ்சது மூவாயிரம் பேர் உக்காந்த அரங்கம். அபூர்வமான பதிவு." சொல்லிவிட்டு, சட்டப்படி முதல் கையைத் தானே தூக்கினார். மற்ற ஒன்பது கைகளும் கூடவே எழுந்தன.

"உக்காருங்க" என்றார் டாக்டர், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டியாவின் முகத்தைப் பார்த்து.

நாற்காலி அங்கேயே இருந்தது. சிவப்பு மெத்தை தைத்த நாற்காலி. கேட்டியா அதன் முதுகில் கை வைத்தார். உட்காரவில்லை. என் நாத்தனார் என் தொடையைக் கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது.

"டாக்டர், அது முரசு இல்ல" என்றார்.

"என்னது?"

"பேரிங். பியானோ டீச்சரம்மா வீட்டு மெஷினோட பேரிங் போயிருக்கு. ஊறும்போது மெஷின் நடுநடுவுல மெதுவா ஒரு சுத்து சுத்தும், அந்தச் சத்தம் இது. என் சின்ன டேப்புல இது சரியா விழல. இன்னிக்கு வாயைத் திறக்காம இருந்ததாலதான் உங்க ஸ்பீக்கர்ல முழுசா கேட்டேன்."

"ஏம்ப்பா, உளறாத. நேரடி நிகழ்ச்சி இது. கைதட்டல் இருக்கே?"

"அது தண்ணி வெளிய போற சத்தம், டாக்டர்."

போஸ்ட்மாஸ்டர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். "அப்போ நான் அழுதது?"

"பேரிங்குக்குத்தான் சார்."

"மூவாயிரம் பேரு?"

"முப்பது லிட்டரு."

"யோவ், ஜெயிச்சாச்சுல்ல! உக்காந்துட்டு அப்புறம் சொல்லக்கூடாதா?" என்றார் போஸ்ட்மாஸ்டர். என் நாத்தனாரும் அதையேதான் கேட்டாள், ஆனால் இங்கே எழுத முடியாத வார்த்தைகளில்.

"எப்படிங்க உக்காருறது? வருஷா வருஷம் நான்தானே போய் அந்த மெஷின் நல்லா ஓடுதுன்னு கையெழுத்துப் போட்டுட்டு வரேன்? இந்த 'டக்' வந்துட்டா அச்சு எப்ப வேணா முறியும். தொட்டி பிச்சுக்கிட்டு வெளிய வரும். டீச்சரம்மா தனியா இருக்காங்க."

டாக்டர் விடுவாரா? நாற்பது வருஷக் காது ஆயிற்றே. "ரெண்டு தெரு தள்ளித்தானே வீடு? நேர்ல போய்ப் பாத்துடலாம்" என்றார்.

பதினோரு ஆம்பிளைகளும் நாங்கள் இரண்டு பேரும் பியானோ டீச்சர் வீட்டு மூன்று மாடியும் ஏறினோம். கதவைத் திறந்த டீச்சர், யார் செத்துவிட்டார்கள் என்று கேட்டார். மெஷின் குளியலறையில் இருந்தது. ஐந்து பேர் உள்ளே நின்றார்கள், மற்றவர்கள் கூடத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு. முதலில் மெஷின் இல்லாமல் இசைத்தட்டை மட்டும் போடச் சொன்னார் டாக்டர். ஊறல் பகுதி வந்தது. வயலின் இழுத்தது, நின்றது, முடிந்தது. முரசு இல்லை, ஒன்றும் இல்லை. கடைசியில் கைதட்டலும் இல்லை.

"என்னமோ மொட்டையா இருக்கே" என்றார் ஒருவர்.

பிறகு மெஷினைப் போட்டார் கேட்டியா. ஊறலுக்குத் திருப்பினார். கொர்ர்ர்... டக்.

டாக்டர் மெஷின்மேல் கை வைத்துக் குனிந்து, சொத்தைப் பல்லைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். வெகு நேரம் நிமிரவில்லை.

"ஏன் டீச்சரம்மா, இவ்வளவு சத்தம் வருதே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் கேட்டியா.

டீச்சர் இடுப்பில் கை வைத்தார். "ஏழு வருஷமா சொல்றேன் தம்பி! நீ வர்றப்போ எல்லாம் பாட்டைப் போடச் சொல்லுவ. உள்ள ஏதோ கொர்ங்குதே, என்னன்னு பாருன்னு நான் சொல்லுவேன். நீ விரலைத் தூக்கிக்கிட்டு, 'அது பாட்டுல வர்றதும்மா, கேட்டீங்களா'ம்ப. நானும் முப்பது வருஷமா பியானோ சொல்லிக் குடுக்குறேன். கடைசியில எனக்கே சந்தேகம் வந்து, சரி, வருதுபோலன்னு விட்டுட்டேன்."

கூடத்தில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். டாக்டரும் கேட்டியாவும் மட்டும் சிரிக்கவில்லை.

அங்கேயே, குளியலறை வாசலில் நின்றபடியே டாக்டர் தீர்ப்பு சொன்னார். வாஷிங் மெஷினுக்கு ஓட்டுப் போட்ட கூட்டம் என்று ஊர் பேசும். தூக்கிய கைகள் செல்லாது. நாற்காலி காலியாகவே இருக்கட்டும். சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். கேட்டியா அதற்குள் மெஷினின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். டீச்சர் ஒற்றை ஆள், வாரத்துக்கு நாலு துணி துவைக்கிறவர். அதனால்தான் அந்தப் பேரிங் ஏழு வருஷம் உயிரோடு கிடந்தது. திங்கட்கிழமை புதுசு மாற்றினார். மாற்றுவதற்கு முன் அதைக் கடைசியாக ஒரு முறை ஒழுங்காகப் பதிவு செய்து தரும்படி மூன்று பேர் வந்து கேட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டார்.

அதற்கப்புறம் மூன்று வாரம் கேட்டியா யாரையும் எதையும் கேட்கச் சொல்லவில்லை. மெஷினை ஓட விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாராம். என் நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வந்து அழுதாள். "வீடு அமைதியாத்தான் இருக்கு அண்ணி. இந்த அமைதி எனக்கு வேண்டாம்."

நாலாவது வாரம் டாக்டரே ஆள் அனுப்பினார். சனிக்கிழமை இல்லை, புதன்கிழமை. மருத்துவமனைக்கு விடுமுறை நாள். கதவைத் தாழிட்டுவிட்டு ஒரு கேசட்டைப் போட்டார். ஒற்றைப் புல்லாங்குழல். அந்தக் கூட்டத்துக்கே மூல விக்கிரகம் மாதிரியான பதிவு அது. இருபது வருஷமாக டாக்டர் வருஷத்துக்கு ஒரு முறை மட்டும் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வாசிப்பவர் மூச்சை இழுக்கிற அழகைப்பற்றி ஒரு மணி நேரம் பேசுவாராம்.

"கேளு" என்றார்.

கேட்டியா கேட்டார். கைமேல் உட்காரவில்லை. முடிந்ததும், "எங்க பதிவு பண்ணீங்க டாக்டர்?" என்றார்.

"ரேடியோவுல வந்துச்சு. கீழ, என் வேலை அறையில வெச்சு."

"நோயாளி இருந்தாங்களா?"

டாக்டர் தன் தாடையைத் தடவிக்கொண்டார். "ஒரு கடைவாய்ப்பல்."

"மூச்சை இழுக்குறது அவரு இல்லீங்க. உங்க எச்சில் உறிஞ்சுற மெஷின். அடைப்பு வேற இருக்கு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வெளிய சொல்லிடாதப்பா" என்றார்.

"நான் ஏன் சொல்றேன்? நல்லாத்தானே இருக்கு. இன்னொரு தடவை போடுங்க."

இரண்டு பேரும் இன்னொரு தடவை கேட்டார்கள். அடுத்த சனிக்கிழமை டாக்டரே அந்தக் கதையைப் பத்துப் பேர் முன்னால் சொல்லி, கூட்டத்தில் பதிவு எது, பாத்திரம் உருள்வது எது என்று பிரித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றார். கைகளைத் தூக்கச் சொல்லவில்லை. யாராவது தூக்காமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்திருப்பார். நாற்காலியை இழுத்துப் போட்டார். கேட்டியா உட்கார்ந்தார். அன்று ஆளுக்கு ஒரு பதிவைப் போட, அவற்றிலிருந்து அவர் கண்டுபிடித்துச் சொன்னவை: இரண்டு மின்விசிறி, ஒரு குளிர்சாதனப் பெட்டி, வாசலில் நின்ற லாரி ஒன்று, தூங்கிக்கொண்டிருந்த மாமியார் ஒருவர்.

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. பியானோ டீச்சர் போய்விட்டார். அந்த இசைத்தட்டைக் கேட்டியாவுக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார். பல் டாக்டருக்கு இப்போது எண்பத்திரண்டு வயது, வாயில் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை. கேட்டியாவுக்கு அறுபத்தாறு. முழங்கால் வலியால் குனிந்து நிமிர முடியாமல் ரிப்பேர் வேலையை விட்டு நாலு வருஷம் ஆகிறது. மகன் வீட்டின் கீழ்த்தளத்தில் என் நாத்தனாரோடு இருக்கிறார். சனிக்கிழமை மூன்று மணிக்கு டாக்டரின் பழைய மருத்துவமனை மாடியில், அந்தச் சிவப்பு மெத்தை நாற்காலியில் இருப்பார்.